சீட்டில் ஏறிய பெயர் யாருக்குச் சொந்தம்?

தேர்தலில் நிற்கிறேன் என்று கையெழுத்து வைத்து, ஆதரவாளர்களை வீடு வீடாக அனுப்பி, மேடையேறிப் பேசிய ஒருவர் நடுவழியில் நின்றுகொண்டு, “நான் விலகிவிட்டேன், என் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்” என்கிறார். என்ன செய்வது? எடுத்துவிட வேண்டியதுதானே, நிற்க விரும்பாதவரைக் கட்டிப்போட்டா நிறுத்துவது என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். கொழுந்து மடுவத்தில் இந்தக் கேள்வியைப் போட்டாலும் முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் 2024 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்தச் சின்னக் கேள்வி மாநில நீதிமன்றங்களில் தொடங்கி நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரே ஆள், ஒரே தேர்தல், ஒரே கோரிக்கை. ஒரு மாநிலத்தில் “எடு” என்றார்கள், இன்னும் இரண்டில் “எடுக்க முடியாது” என்றார்கள். அந்த வழக்குகளை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். வாக்குச்சீட்டு என்பது யாருடைய உடைமை என்ற கேள்வி அங்கே நேருக்கு நேராக எழுந்தது. அதற்குப் பதில் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வேறு எவரையும் விட நமக்கு அதிகம்.

கதை இதுதான். ரொபர்ட் எஃப். கென்னடி ஜூனியர், சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி கென்னடியின் தம்பி மகன். 2023 ஒக்டோபரில் சுயேச்சை வேட்பாளராக ஜனாதிபதித் தேர்தலில் குதித்தார். அமெரிக்காவில் நம் நாட்டைப் போல ஒரே தேர்தல் ஆணைக்குழு, ஒரே வாக்குச்சீட்டு என்பது கிடையாது. 50 மாநிலங்களும் தனித்தனிச் சட்டம் வைத்து, தனித்தனியாகச் சீட்டு அடிக்கின்றன. பெரிய இரண்டு கட்சிகளுக்கு அது சிரமமில்லை. சுயேச்சைக்காரர் ஒவ்வொரு மாநிலத்திலும் ஆயிரக்கணக்கான வாக்காளர்களின் கையெழுத்தைத் திரட்ட வேண்டும், அல்லது அங்கே ஏற்கனவே இடம் வைத்திருக்கும் ஏதாவது ஒரு சிறு கட்சியின் தோளில் ஏற வேண்டும். கென்னடி இரண்டையும் செய்தார். மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சிறு கட்சி அவரைத் தன் வேட்பாளராக நியமித்தது. வட கரோலினாவில் அவருக்காகவே ஒரு புதுக் கட்சி பதியப்பட்டது. விஸ்கொன்சினில் சுயேச்சையாகப் பத்திரம் கொடுத்தார்.

2024 ஓகஸ்ட் 23 ஆம் திகதி பிரசாரத்தை நிறுத்துவதாக அறிவித்து, டொனால்ட் ட்ரம்புக்கு ஆதரவு கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. போட்டி கடுமையாக இருக்கும் பத்து மாநிலங்கள் அளவில் மட்டும் என் பெயரை எடுத்துவிடுவேன், மற்ற மாநிலங்களில் என் பெயர் இருக்கும், அங்கே உள்ளவர்கள் எனக்கே வாக்களிக்கலாம் என்றார். கணக்கு வெளிப்படையானது. இழுபறி மாநிலங்களில் தனக்கு விழும் வாக்கு ட்ரம்புக்குப் போக வேண்டியது என்று அவர் நினைத்தார். அங்கே விலகல், இங்கே போட்டி. முழுசாக நிற்கவும் இல்லை, முழுசாக விலகவும் இல்லை.

நம் தோட்டங்களில் முழுப்பேர், அரைப்பேர் என்று உண்டு. கென்னடி கேட்டது ஒருவகை அரைப்பேர் விலகல்.

மிச்சிகனில் தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர் மறுத்தார். சிறு கட்சி நியமித்த வேட்பாளர் அப்படி விலகுவதற்கு மாநிலச் சட்டத்தில் இடமில்லை, அந்தக் கட்சி மாநாடு கூட்டி வேறு ஆளை நியமிக்கும் காலமும் கடந்துவிட்டது என்பது காரணம். கென்னடி வழக்குப் போட்டார். செப்டம்பர் 3 ஆம் திகதி முதல் நீதிபதி அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். தேர்தல் என்பது விளையாட்டு அல்ல, வேட்பாளர்களின் மனம் மாறும்போதெல்லாம் அதிகாரி ஆடத் தேவையில்லை என்ற பொருளில் கொஞ்சம் காரமாகவே எழுதினார். வெள்ளிக்கிழமை, 6 ஆம் திகதி, மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டு பெயரை எடுக்கச் சொன்னது. திங்கட்கிழமை, 9 ஆம் திகதி, மாநில உயர் நீதிமன்றம் 5க்கு 2 என்ற பெரும்பான்மையில் மறுபடி புரட்டியது. பெயரை எடுத்தே ஆக வேண்டும் என்ற கடமையை எந்தச் சட்டம் அதிகாரி மேல் வைக்கிறது என்று கென்னடி காட்டவில்லை, ஆகவே பெயர் இருக்கட்டும் என்றது.

அதே வெள்ளிக்கிழமையும் அதே திங்கட்கிழமையும் வட கரோலினாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே தேர்தல் சபை ஓகஸ்ட் 29 ஆம் திகதி 3க்கு 2 என்று வாக்கெடுத்து, சீட்டு அச்சாகிக்கொண்டிருக்கிறது, இனி முடியாது என்று மறுத்திருந்தது. கீழ் நீதிமன்றமும் அதை ஏற்றது. வெள்ளிக்கிழமை காலை தபால் வாக்குச்சீட்டுகளை அனுப்பத் தொடங்க வேண்டும். அந்த ஆண்டு நாட்டிலேயே முதலில் சீட்டு அனுப்பவிருந்த மாநிலம் அது. அந்த வெள்ளிக்கிழமைதான் மேன்முறையீட்டு நீதிமன்றம் குறுக்கே வந்து, கென்னடி பெயர் இல்லாத சீட்டை அனுப்பு என்றது. திங்கட்கிழமை மாநில உயர் நீதிமன்றம் 4க்கு 3 என்று அதை உறுதி செய்தது.

அப்போது 29 இலட்சம் அளவில் சீட்டுகள் அச்சாகி முடிந்திருந்தன. அத்தனையும் வீண். ஒரே தாளில் ஜனாதிபதி முதல் உள்ளூர்ப் பதவி வரை எல்லாப் போட்டியும் இருப்பதால், ஊருக்கு ஊர் சீட்டு மாறும். மாநிலம் முழுவதற்கும் 2,300க்கு மேற்பட்ட வகைகள். ஒவ்வொன்றையும் மறுபடி வடிவமைத்து, சரிபார்த்து, அச்சடித்து, உறையிலிட வேண்டும். ஒரு பெயரை எடுப்பது என்றால் நாம் கொப்பியில் கோடு போட்டு வெட்டுவது போல இல்லை. இராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் இருப்போருக்கும் 45 நாட்களுக்கு முன்பே சீட்டு அனுப்ப வேண்டும் என்று மத்திய சட்டம் இருக்கிறது. அந்தக் கெடு செப்டம்பர் 21. அவர்களுக்கு 20 ஆம் திகதியும் மற்றவர்களுக்கு 24 ஆம் திகதியும்தான் சீட்டுப் போனது. தேர்தல் நவம்பர் 5. விண்ணப்பித்துக் காத்திருந்த ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் போய்விட்டது.

விஸ்கொன்சின் சட்டம் இன்னும் இறுக்கமானது. வேட்புமனுப் பத்திரம் கொடுத்துத் தகுதி பெற்றவர் இறந்தால் ஒழிய பெயர் இறங்காது. அங்கே கென்னடியின் சட்டத்தரணிகள் ஒரு யோசனை சொன்னார்கள்: பெயர் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடலாம். இலட்சக்கணக்கான சீட்டில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுவது யார், ஒட்டிய தாள் எண்ணும் இயந்திரத்தில் சிக்கினால் என்ன செய்வது என்று தேர்தல் அலுவலர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மாநில உயர் நீதிமன்றமும் செப்டம்பர் 27 ஆம் திகதி பெயர் இருக்கட்டும் என்று முடித்தது. கடைசியில் மிச்சிகன், விஸ்கொன்சின் இரண்டு விடயமும் நாட்டின் உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஒக்டோபர் 29 ஆம் திகதி, தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தலையிட மாட்டோம் என்று திருப்பி அனுப்பப்பட்டன.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. விஸ்கொன்சினில் பெயரை எடு என்று வழக்காடிக்கொண்டிருந்த அதே நாட்களில், நியூயோர்க் மாநிலத்தில் அதே கென்னடி என் பெயரைச் சேர் என்று வழக்காடிக்கொண்டிருந்தார். அங்கே அவர் கொடுத்த வதிவிட முகவரி உண்மையானதல்ல, நண்பர் வீட்டு அறை ஒன்றைத் தன் வீடு என்று காட்டினார் என்று நீதிபதி ஒருவர் அவர் பெயரை நீக்கியிருந்தார். ஒரே வாயால் ஒரே மாதத்தில் சேர் என்றும் எடு என்றும் கேட்கக் காசும் சட்டத்தரணியும் இருந்தால் முடிகிறது.

எதிர்த்தரப்பு மட்டும் யோக்கியமா? வட கரோலினாவில் ஜனநாயகக் கட்சி, கென்னடி நம் வாக்கைப் பிரிப்பார் என்று பயந்த காலத்தில் அவர் பெயர் சீட்டில் வரக்கூடாது என்று நீதிமன்றம் போனது. அவர் ட்ரம்ப் பக்கம் சாய்ந்ததும், பெயர் சீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றானது. குடியரசுக் கட்சிக்காரர்கள் இதற்கு நேர்மாறாகத் திரும்பினார்கள். எந்தப் பக்கம் இலாபமோ அந்தப் பக்கம் கொள்கை. நமக்கு இது புதுசில்லை. சம்பளப் பேச்சுவார்த்தைக் காலத்திலும் தேர்தல் காலத்திலும் இதை நாம் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. நீதிபதிகளில் மட்டும் இரண்டு இடத்திலும் ஒவ்வொருவர் தன் கட்சிச் சாய்வை மீறித் தீர்ப்பெழுதினார் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். அங்கே பல மாநிலங்களில் நீதியரசர்களே தேர்தலில் வென்றுதான் ஆசனத்தில் அமர்கிறார்கள்.

சரி, எது நியாயம்?

வட கரோலினா நீதியரசர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. விலகிப் போன ஒருவரின் பெயர் சீட்டில் இருந்தால், அவர் விலகியது தெரியாத வாக்காளர் அவருக்குப் போட்டு வாக்கை இழப்பார். அது அவருடைய வாக்குரிமையைப் பறிப்பது போல்தான் என்றார்கள். செய்தி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. மேல் டிவிஷனில் இருப்பவருக்கும் டவுனில் கடை வைத்திருப்பவருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தி எட்டுவதில்லை என்பது நமக்குத் தெரியும். வாக்காளரை ஏமாற விடக்கூடாது என்ற கவலை உண்மையான கவலை.

கென்னடியின் இன்னொரு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. விஸ்கொன்சினில் பெரிய கட்சிகள் தங்கள் வேட்பாளரின் பெயரைக் கொடுக்க செப்டம்பர் முதல் செவ்வாய் வரை காலம் இருந்தது. சுயேச்சைக்காரருக்கு ஓகஸ்ட் 6 ஆம் திகதியே கதவு மூடிவிட்டது. ஜோ பைடன் ஜூலை 21 ஆம் திகதி விலகியபோது எந்த நீதிமன்றப் படியும் ஏறாமல் அவர் இடத்துக்குக் கமலா ஹாரிஸ் வந்தார். கட்சி மாநாடு அப்போது கூடியிருக்கவில்லை, சட்டப்படி நியமனமே நடந்திருக்கவில்லை என்பது சரி. ஆனாலும் பெரியவனுக்கு ஒரு கெடு, சின்னவனுக்கு ஒரு கெடு என்ற சட்டம் எங்கே இருந்தாலும் அதை நாம் ஆதரிக்க முடியாது. அந்த மட்டில் அவருக்கு ஒரு குறை உண்டு.

இருந்தும் மிச்சிகன், விஸ்கொன்சின் முடிவுதான் சரி என்பது என் எண்ணம். வேட்புமனு முடியும் வரை பெயர் அவருடையது. கெடு முடிந்து, சீட்டு அச்சுக்குப் போன பிறகு அந்தப் பெயர் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. அவருக்காகக் கையெழுத்துப் போட்ட ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தன் சொந்த ஆளை நிறுத்தும் வாய்ப்பை விட்ட சிறு கட்சி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தபால்பெட்டியைப் பார்த்துக் காத்திருக்கும் வாக்காளர் இருக்கிறார். விலகியது தெரியாத வாக்காளருக்கு அறிவித்தல் ஒட்டிச் சொல்லலாம், வானொலியில் சொல்லலாம், வாக்குச்சாவடி வாசலில் எழுதி வைக்கலாம். சீட்டே நேரத்துக்கு வராத வாக்காளருக்கு என்ன சொல்வது?

விலகியவர் உண்மையிலேயே விலகியிருந்தால், நோயோ குடும்பத் துயரமோ காரணமாக இருந்திருந்தால், கொஞ்சம் இரக்கத்தோடு பார்க்கலாம். இவரோ நாற்பது மாநிலங்கள் அளவில் எனக்குப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே பத்தில் மட்டும் அழிக்கச் சொன்னார். வாக்காளர் குழம்பிப் போவார்கள் என்று நீதிமன்றத்தில் கண்ணீர் விட்டவர்தான் அந்தக் குழப்பத்தை உண்டாக்கியவர்.

இங்கே நம் பக்கம் திரும்புவோம். கென்னடி விலகிய அறிவிப்புக்கு ஒரு நாள் முன்பு, 2024 ஓகஸ்ட் 22 ஆம் திகதி, கொழும்பில் நமது உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. 2023 இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்ற தீர்ப்பு. நினைவிருக்கும். 2023 ஜனவரியில் வேட்புமனு வாங்கினார்கள். மார்ச் 9 ஆம் திகதி வாக்கெடுப்பு என்றார்கள். பிறகு அரசாங்கத்திடம் பணமில்லை, வாக்குச்சீட்டு அடிக்கக் காசு கொடுக்காவிட்டால் அச்சடிக்க முடியாது என்று அரச அச்சகம் சொன்னது. ஏப்ரல் என்றார்கள், பிறகு திகதியே இல்லை. 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட வேட்பாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். கட்டுப்பணம் கட்டி, நோட்டீஸ் அடிக்கக் கடன் வாங்கியவர்கள் உண்டு. வேட்பாளராகிவிட்டதால் அரசாங்க வேலைக்குத் திரும்ப முடியாமல் வீட்டில் இருந்தவர்கள் உண்டு. கடைசியில் அந்தப் பழைய வேட்புமனுக்களே ரத்தாகி, 2025 மே 6 ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது.

அங்கே ஒரு பெயருக்காகச் சீட்டு இரண்டு வாரம் தாமதமானது என்று உலகமே பேசியது. இங்கே சீட்டு அச்சகத்தை விட்டு வெளியே வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. தீர்ப்பு வந்ததும் நல்லதுதான். ஆனால் அது உரிமை பறிபோய் ஒரு வருடத்துக்கு மேல் கழித்து வந்த தீர்ப்பு. மிச்சிகன் நீதிமன்றங்கள் ஒரே வாரத்தில் மூன்று படியையும் முடித்துக் கொடுத்ததை இதோடு வைத்துப் பாருங்கள். தேர்தல் வழக்குகளை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் சட்டத்தில் வர வேண்டும். இதைத் தொழிற்சங்கங்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்கப் போகிறார்கள்?

2024 ஜனாதிபதித் தேர்தலில் நம் நாட்டில் 39 பேரின் வேட்புமனு ஏற்கப்பட்டது. சுயேச்சைக்கு 75,000 ரூபா, கட்சிக்காரருக்கு 50,000 ரூபா கட்டுப்பணம். அவர்களில் ஒருவர் தேர்தலுக்கு முன் காலமானார். பெயர் சீட்டில் இருந்தது. விஸ்கொன்சினில் இறந்தவர் பெயர் மட்டும்தான் இறங்கும், இங்கே இறந்தவர் பெயரும் இறங்கவில்லை. அது பரவாயில்லை. நம்மை உறுத்த வேண்டியது உயிரோடு இருக்கும் பொய் வேட்பாளர்கள். இன்னொருவருக்கு ஆள் சேர்க்கவும், அரச ஊடகத்தில் கிடைக்கும் இலவச நேரத்தைக் கைமாற்றவும், வாக்கு எண்ணும் இடத்தில் முகவர் இருக்கை பிடிக்கவும் என்றே சிலர் நிறுத்தப்படுகிறார்கள் என்பது ஊரறிந்த விடயம். கென்னடி பாதியில் விலகிச் செய்ததை இவர்கள் நிற்கும்போதே செய்கிறார்கள். சீட்டு முழம் முழமாக நீள்கிறது. கண் மங்கிய வயதானவர்கள், சிங்களத்திலோ தமிழிலோ வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள், அந்த நீளத் தாளில் தங்களுக்கு வேண்டிய சின்னத்தைத் தேடித் தடுமாறுகிறார்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். வட கரோலினா வழக்கில் இரு தரப்பும் வாய்க்கு வாய் பேசியது வெளிநாட்டில் இருக்கும் வாக்காளரைப் பற்றித்தான். அவர்களுக்கு 45 நாள் முன்பே சீட்டுப் போக வேண்டும் என்பதை எந்த நீதிமன்றமும் தாண்டத் துணியவில்லை. குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை செய்யும் நம் பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்? அவர்கள் அனுப்பும் டொலர் வேண்டும், அவர்களின் வாக்கு வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இன்னும் வழி செய்யப்படவில்லை. தேர்தல் சீர்திருத்தம் என்று எந்தக் கட்சி வந்தாலும் நம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

நம் முன்னோர் 1947 இல் வாக்களித்து இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு ஆசனங்களைப் பெற்றுத் தந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் குடியுரிமைச் சட்டமும் வாக்குரிமைத் திருத்தமும் வந்து, 1952 தேர்தலில் அந்த ஏழும் பூச்சியமானது. அன்று வெட்டப்பட்டது ஒரு வேட்பாளரின் பெயரல்ல, இடாப்பிலிருந்த நம் அனைவரின் பெயரும். திரும்ப முழுசாக எழுதிச் சேர்க்க 2003 வரை ஆனது. ஆகவே சீட்டில் பெயர் இருப்பதா இல்லையா என்று எவராவது வழக்காடினால், வேட்பாளருக்கு என்ன நட்டம் என்று பார்ப்பதற்கு முன் வாக்காளருக்கு என்ன நட்டம் என்று பார்ப்பதுதான் நமக்குப் பழக்கமாக வேண்டும்.

இதை அரசாங்கத்திடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. நம் சங்கக் கிளைத் தேர்தல்களிலும் இந்த வேலை நடக்கிறது. தலைவர் பதவிக்கு மூன்று பேர் பெயர் கொடுப்பார்கள். கூட்டம் கூடும் அன்று காலையில் ஒருவர் எழுந்து, அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்பார். முதல் நாள் வரை அவருக்காக லயம் லயமாக அலைந்த தோழியர் வாயடைத்து நிற்பார்கள். அந்த விட்டுக்கொடுப்புக்குப் பின்னால் என்ன பேரம் என்பது யாருக்கும் தெரியாது. மாதர் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை நிறுத்தி, கடைசி நேரத்தில் வற்புறுத்தி விலக வைப்பதும் நடக்கிறது.

அதனால் அடுத்த பொதுச்சபைக்கு ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்று முன்வைக்கிறேன். பெயர் கொடுக்க ஒரு திகதி, விலக ஒரு திகதி. இரண்டும் எல்லாப் பதவிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். விலகுகிறவர் தன் கையெழுத்தோடு காரணத்தை எழுதித் தர வேண்டும். விலகும் திகதி முடிந்த மறுநாள் காலை, பெரட்டுக் களத்தில் பட்டியல் ஒட்டப்பட வேண்டும். ஒட்டிய பிறகு எந்தப் பெயரையும் தலைவரோ மாவட்டப் பிரதிநிதியோ வெட்டக் கூடாது. அதற்குப் பிறகும் ஒருவருக்கு மனம் மாறினால், அதைக் கூட்டத்தில் எழுந்து எல்லார் முன்னிலையிலும் சொல்லட்டும். பெயர் சீட்டில் இருக்கட்டும், அவருக்குப் போடுவதா விடுவதா என்பதை உறுப்பினர்கள் தீர்மானிக்கட்டும். கிளைச் செயலாளர்கள் இதைத் தங்கள் மாதக் கூட்டத்தில் வாசித்து, திருத்தம் இருந்தால் எழுத்தில் தலைமையகத்துக்கு அனுப்பினால் போதும்.

கென்னடியின் கணக்கு என்னவானது என்று கேட்பவர்களுக்கு: மிச்சிகனில் பெயர் இருந்தே அவருக்கு 26 ஆயிரத்துக்கு மேல் வாக்கு விழுந்தது, விஸ்கொன்சினில் 17 ஆயிரத்துக்கு மேல். இரண்டு மாநிலத்திலும் ட்ரம்ப் அதைவிடப் பெரிய வித்தியாசத்தில் வென்றார். பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு மாறியிருக்காது. கென்னடி 2025 பெப்ரவரியில் ட்ரம்பின் சுகாதார அமைச்சரானார்.